நாலாவது பிளக்குக்கு ஆட்டுத்தோல் வாஷர்

புதிதாக ஸ்டியரிங் பிடிக்க வந்த தம்பிகள், இஞ்சினில் பொறி தட்டும் பிளக்கை மாற்றுவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார்கள். ஒரு பிளக்கை எத்தனை விதமாகத் தப்பாக மாட்டலாமோ அத்தனை விதமாகவும் மாட்டிப் பார்த்தவன் நான். ஆம்பூரில் மோட்டார் கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருந்தாலே பாதித் தொழில் வந்துவிடும்.

1. மூன்று சிலிண்டர்

எங்கள் முதலாளிக்கு ஆற்றோரம் தோல் பதனிடும் ஷாப் இருந்தது. நான் முதலில் அங்கே சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டினேன். என்னைவிடக் குழியில் கிடக்கும் ஆட்டுத்தோல் சுறுசுறுப்பாக இருப்பதாக மேஸ்திரி சொல்வார். முதலாளி கார் வாங்கியதும், குழியில் எனக்குப் பதிலாக யார் நின்றாலும் வேலை நடக்கும் என்று யோசித்து, என்னையே வண்டி பழக அனுப்பிவிட்டார். அதுவரை அந்த வீட்டுக்கு ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர் காசிம் பாய். கார் வந்த பிறகு அவருக்குக் கறிகாய் வாங்கப் போகும் சவாரி மட்டும்தான். என் மேல் அவருக்குப் பாசம் பொங்கியது என்று சொல்ல முடியாது.

ஒரு திங்கட்கிழமை, முதலாளியை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வரும்போது வண்டி நொண்டியது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. கடைத்தெரு நடுவே இருமிவிட்டு நின்றும் போனது. எதிரே காசிம் பாய் ஜட்காவில் வந்தார்.

"இன்னா டிரைவர், புல்லு கில்லு போடணுமா?"

முதலாளி இறங்கி ஜட்காவில் ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே நான் வண்டியை நொண்டவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழம மேல்விஷாரத்துல என் பொண்ணுக்கு நிச்சயம். மத்தியானம் ளுஹர் தொழுகைக்கு முன்னாடி நாங்க அங்க இருக்கணும். மாப்பிள வீட்டுக்காரங்க நேரம் தவறுனா கோச்சிக்கிறவங்க. வழியில வண்டி நின்னுச்சுன்னு வையி, நீ திங்கக்கிழம காலையில குழிக்குப் போயிடு. காசிம் இந்த வூட்டுக்கு ஜட்கா பூட்டட்டும்."

காசிம் பாய் குதிரையின் கழுத்தைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். குதிரைகூடச் சிரித்தது போல எனக்குத் தோன்றியது.

2. யாருடைய கட்டை விரல்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முதலில் இஞ்சின் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை, விரலைச் சுட்டுக்கொண்டேன். அதனால் அடுத்து வரும் வேலைகள் எல்லாவற்றையும் வலது கை ஆள்காட்டி விரல் இல்லாமல் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிளக்கில் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. மற்ற மூன்றும் அடுப்புக் கரி போல இருந்தன. ஒயர் எது எந்தப் பிளக்குக்கு என்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றிலும் நூல் கட்டினேன். முதலாவதற்கு ஒரு முடிச்சு, நாலாவதற்கு நாலு முடிச்சு. அந்த வாரம் நான் புத்தியோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை பஸ் பிடித்து வேலூர் போனேன். மோட்டார் சாமான் கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். உள்ளே அரை டஜன் ஜாதிப் பிளக்குகள்.

"எந்த சைஸ் வோணும்?"

"இந்த மொத்தம் இருக்கும்" என்று கட்டை விரலைக் காட்டினேன்.

"யார் கட்டை வெரலு?"

"என்னுதுதான்."

"என் கட்டை வெரலு இது. இதுல எந்த சைஸ் பிளக்கு இருக்குன்னு நீயே சொல்லேன்." அவர் அலமாரியை மூடிவிட்டார். "பழைய பிளக்க கையில எடுத்துட்டு வாப்பா. மரை சேரணும், மரைக்குக் கீழ நீளம் சேரணும். நீளம் ஜாஸ்தியானா பிஸ்டன் வந்து முட்டும். கம்மியானா பொந்துக்குள்ள கரி அடைக்கும். இதுக்கு மேல உன் வெரலு என்ன சொல்லுது?"

விரலை மடக்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். ஒரு பிளக் போதும் என்று அவர் சொல்லாததால் நாலையும் எடுத்துப் போனேன். அவர் மரையைப் பார்த்து, நீளம் பார்த்து, புதிதாக நாலு கொடுத்தார். முனைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்றும் காட்டினார். போஸ்ட் கார்டை இரண்டாக மடித்து நுழைத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பழைய நாலையும் குப்பைக் கூடையில் போட்டார். போகட்டும் சனியன் என்று நானும் விட்டுவிட்டேன். அவற்றின் கழுத்தில் இடுக்கை அடைக்கும் வளையமாக நாலு செம்பு வாஷர் இருந்தது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஷாப்பை ஒட்டிய கார் ஷெட்டில் வேலையை ஆரம்பித்தேன். பிளக் பொந்தைச் சுற்றி மண்ணைத் துடைத்து ஊதினேன். புதுப் பிளக்கின் செம்பு வாஷர்களைக் கழற்றி மட்கார்டின் மேல் வரிசையாக வைத்தேன். எதற்குக் கழற்றினேன் என்று கேட்காதீர்கள். பளபளவென்று இருந்தன, பார்க்க நன்றாக இருந்தது. மட்கார்டு சரிவானது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வாஷர் உருண்டு, குதித்து, ஷாப்பிலிருந்து வரும் சாக்கடைக்குள் போனது. அந்தச் சாக்கடையில் விழுந்ததைத் தேடிக் கை விட்டவன் யாரும் எங்கள் ஊரில் இல்லை.

மூன்று பிளக்குக்கு வாஷர் இருக்கிறது, நாலாவதற்கு இல்லை. வேலூர்க் கடை மூடியிருக்கும். வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். ஆனால் நான் தோல் ஊர்க்காரன். எங்கள் ஊரில் பம்பு ஒழுகினாலும் தோல்தான், கதவு ஆடினாலும் தோல்தான். ஷாப்பில் வெட்டிப் போட்ட ஓரத்துண்டுகளில் நல்ல கெட்டியான ஆட்டுத்தோலாகப் பார்த்து எடுத்தேன். வட்டமாக வெட்டினேன், நடுவில் துளை போட்டேன். செம்பு வாஷரைவிட அழகாக வந்தது. பிளக்கில் மாட்டி, முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனர் வைத்து இறுக்கினேன். நூல் முடிச்சை எண்ணி ஒயர்களையும் மாட்டினேன். வண்டி முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றியதும் இஞ்சின் பூனை மாதிரி குர்ரென்றது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன்.

முதலாளி சத்தம் கேட்டு வந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு என்னைவிடப் பெரிய மெக்கானிக் வட ஆற்காடு ஜில்லாவில் இல்லை என்று நம்பிக்கொண்டு தூங்கப் போனேன்.

3. மூக்கு

ஞாயிறு காலை. பின் சீட்டில் திரை கட்டி முதலாளியின் சம்சாரமும் அவர் தங்கையும் உட்கார்ந்தார்கள். மடியில் மிட்டாய்த் தட்டு, மல்லிகை, அத்தர். முன்னால் என் பக்கத்தில் முதலாளி. புட்போர்டில் காசிம் பாய், சாமான் இறக்க. கையில் சாட்டை வேறு வைத்திருந்தார்.

"குதிரையே இல்ல, சாட்டை எதுக்கு பாய்?"

"உன் வண்டிக்குத்தான் தோஸ்த். நின்னுச்சுன்னா ரெண்டு போடலாம்."

பள்ளிகொண்டா வரை அருமையாகப் போனோம். அதைத் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து 'உஸ், உஸ்' என்று சத்தம். வண்டி இழுக்கவில்லை. கூடவே ஒரு வாசனை வந்தது. திரைக்குப் பின்னால் முதலாளியம்மா மூக்கைப் பொத்துவது குரலிலேயே தெரிந்தது.

"என்னங்க, ஏதோ கருகுது. வண்டி பத்திக்கிச்சா?"

முதலாளி கண்ணை மூடி மூச்சை இழுத்தார். தோல் வியாபாரத்தில் முப்பது வருஷம் பழகிய மூக்கு அது.

"ஆட்டுத்தோல்" என்றார். இன்னொரு தடவை இழுத்தார். "ஆவாரம்பட்டையில ஊறுனது. நம்ம ஷாப்பு தோலு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "டிரைவர், என் தோலு உன் இஞ்சினுக்குள்ள இன்னா பண்ணுது?"

புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். பானெட்டைத் திறந்து காட்டினேன். நாலாவது பிளக்கைச் சுற்றிக் கறுப்புப் பொடிதான் இருந்தது. சூட்டில் தோல் சுருங்கிக் கருகி, இடுக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது.

"தோலு நெருப்புல நிக்காதுன்னு குழியில நின்ன உனக்குத் தெரியாதா?"

"குழி ஜில்லுன்னு இருக்கும் மொதலாளி."

காசிம் பாய் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேல்விஷாரத்தில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். என் கண்ணுக்குச் சுண்ணாம்புக் குழிதான் தெரிந்தது. அப்போதுதான் காசிம் பாயின் சாட்டை கண்ணில் பட்டது. கைப்பிடியில் நெருக்கமாகச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

"பாய், அந்தக் கம்பிய ஒரு முழம் குடுங்க."

"புதுச் சாட்டைடா இது. வாங்கி மாசம் ஆவல."

"குடுத்தா வண்டி போவும்."

அவர் சாட்டையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு கைப்பிடியின் ஆணியைப் பல்லால் நெம்பினார்.

"நீ குழிக்குப் போறத பாக்கணும்னு எனக்கு ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம வூட்டுப் பாப்பா நிச்சயம் நடுரோட்டுல நிக்கக் கூடாது. இந்தா."

இந்த முறை பிளக்கைத் துணி சுற்றித்தான் கழற்றினேன். கருகியதைச் சுரண்டி எடுத்து, கம்பியைப் பிளக்கின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே மடக்கி, கல்லின் மேல் வைத்துத் தட்டித் தட்டையாக்கினேன். செம்பு மிருதுவானது. இறுக்கினால் நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். இறுக்கினேன். காசிம் பாயே ஹாண்டிலைச் சுற்றினார். 'உஸ்' இல்லை. நாலு சிலிண்டரும் பேசின.

மேல்விஷாரம் போய்ச் சேர்ந்தபோது தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா வாசலுக்கே வந்து சலாம் சொன்னார். அவருக்கும் தோல் ஷாப்தான். காரின் பக்கத்தில் வந்ததும் மூக்கை உயர்த்தினார். நான் பானெட்டை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாய், ஆட்டுத்தோல் வாசன வருது? ஆவாரம்பட்டையில நல்லா ஊறுன தோலாட்டம் இருக்கே."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம தோலுதான் பாய். ஒரு துண்டு வண்டியில இருந்துச்சு."

"பட்ட எங்கருந்து எடுக்கிறீங்க?"

அவ்வளவுதான். இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு பட்டையைப் பற்றிப் பேசியபடி உள்ளே போனார்கள். தொழுகை முடிந்து வந்தும் பட்டைப் பேச்சு ஓயவில்லை. நிச்சயத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஆள் அனுப்பி ஞாபகப்படுத்தினார்கள்.

திரும்பும்போது ஆம்பூர் எல்லை வந்த பிறகு நானே கேட்டேன்.

"மொதலாளி, நாளைக்குக் குழிக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"அங்க இப்பத்தான் வேல ஒழுங்கா நடக்குது. நீ போய்க் கெடுக்காத."

தம்பிகளே, பிளக் மாற்றப் போகிறவன் பழைய பிளக்கைக் கையில் எடுத்துப் போக வேண்டும். பழைய வாஷரை எறியக் கூடாது. தகர டப்பாவில் நாலு செம்பு வாஷர் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். கூட வருகிறவரிடம் சாட்டை இருந்தால் கேலி செய்யாதீர்கள். அந்தக் கார் தன் சாட்டையால்தான் ஓடுகிறது என்று காசிம் பாய் ஊரெல்லாம் சொன்னார். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு முதலாளி காரில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் பானெட்டின் பக்கத்தில் குனிந்து ஒரு தடவை மூச்சை இழுப்பார். பிறகு என்னைப் பார்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்:

"இன்னிக்கு இன்னா டிரைவர், ஆடா மாடா?"