வயிற்றுக்குத்து என்று எழுதிய இடாப்பு

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்குப் புவாண்ட்-கிளேரில் ஆறு லொறி ஒரே நேரத்தில் வந்து ஒட்டக்கூடிய களஞ்சியம் எனக்குச் சொந்தம். மொன்றியல் துறைமுகத்துப் பெட்டிகளை இறக்கிப் பழகிய கை இது. ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கைகளால் முட்டைத் தட்டைக் கூட உடையாமல் தூக்குவேன். பெருமையடிக்கிறான் என்கிறவர்கள் வந்து தூக்கிக் காட்டட்டும்.

இதை எழுத வேண்டாம் என்று களஞ்சியத்தில் என்னோடு இருக்கிற என் தம்பி சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன்.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆபிரிக்க இளையோருக்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. காலையில் தொழில் பழக்குவார்கள். மத்தியானத்தில் வட்டமாக இருத்தி மனவருத்தங்களை வாய்விட்டுக் கதைக்க வைப்பார்கள். நடத்துகிறவர் கொங்கோ நாட்டுப் பெண்மணி. தான் ஆஸ்பத்திரியின் மனநோய் வாட்டில் படுத்து எழும்பியவர் என்பதை முதல் சந்திப்பிலேயே, கைகொடுத்த கையோடு சொன்னார். ஃபோர்க்லிஃப்ட் பழகியவர்கள் கடைசி மூன்று வாரம் வேலை செய்து பார்க்க இடம் கேட்டார். ஒருவருக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எங்கள் தமிழாள் ஒருவர் மறித்தார்.

"ஏன் அண்ணை, எங்கட பிள்ளையள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?"

"உன்ர மோனைக் கூட்டிக்கொண்டு வா. விடிய ஆறு மணிக்கு எழும்புவானோ?"



வந்தவள் கமெரூன் பெண், இருபத்துநான்கு வயது. இரண்டாம் நாளே என் ஆட்கள் எல்லோரையும் விட நேராக அடுக்கினாள், என்னைத் தவிர.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை மேல் தட்டிலிருந்து சாமான் அடுக்கிய ஒரு பலட் விழுந்து பெரிய சத்தம். விழுத்தியது அவளல்ல. ஆனால் அவள் வண்டியை நிறுத்தினாள், இரும்புக் கைகளை நிலம்வரை இறக்கினாள், திறப்பைத் திருகி எஞ்சினை அணைத்துக் கழற்றினாள், வாசலடியில் போய்க் குந்தினாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"இது மனப்பதற்றம். எனக்கு இடைக்கிடை வாறது. இப்ப வீட்டை போறன், நாளைக்கு வருவன்."

நான் வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற இடாப்பைத் திறந்து, அவளுடைய பெயருக்கு நேரே என்ன எழுதினேன்? வயிற்றுக்குத்து.

இரக்கப்பட்டுத்தான் எழுதினேன். எங்கள் ஆட்கள் செய்வது அதுதானே. மச்சாள் ஒருத்தி மாதக்கணக்காக மனநோய் வாட்டில் இருந்தபோது சனத்துக்குச் சொன்னது அல்சர். பதினொரு வருடம் நான் விழுங்கிய குளிசைக்கு வீட்டில் வைத்த பெயர் பிரஷர். குமர்ப்பிள்ளைகள் கலியாணத்துக்கு நிற்கிற குடும்பம், வேறென்ன சொல்வது?

ஆனால் என்னுடையது சாப்பாட்டுச் சாமான் வைக்கிற களஞ்சியம். வயிற்று வருத்தக்காரர் டாக்டரின் கடிதம் இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. சாமானுக்குச் சொந்தக்காரக் கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரி இடாப்பைப் பார்த்துவிட்டு, செவ்வாய் காலை அவளை வாசலிலேயே மறித்துவிட்டார். வெள்ளியோடு பயிற்சி முடிகிறது. வேலை செய்த மணித்தியாலம் குறைந்தால் சான்றிதழ் இல்லை.

அவள் போகவில்லை. கொங்கோப் பெண்மணியை வரவழைத்து, இருவருமாகக் களஞ்சியத்துக்கு வெளியே இருக்கிற என் கந்தோர் அறைக்குள் நுழைந்தார்கள்.

"ஐயா, ஆரைக் கேட்டு எனக்கு வயித்துக்குத்து தந்தனீங்கள்?"

"பிள்ளை, உன்ர நன்மைக்குத்தான்..."

"நான் வருத்தத்தின்ர பேரைச் சொல்லித்தானே போனனான். எனக்கு வெக்கமில்லை. உங்களுக்கேன் வெக்கம்?"

கொங்கோப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாவின்ர வயிறு எப்பிடி இருக்கு?"

எங்கள் வீட்டு அல்சரும் பிரஷரும் ஞாபகத்துக்கு வந்தன.

கணக்கு வேலை பார்க்கிற தம்பி பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "அண்ணை, மாத்தி எழுதாதேங்கோ. விசர் எண்டு தெரிஞ்சா அந்த அதிகாரி இவளை வண்டியில ஏறவே விடான். கடிதம் எடுத்துக்கொண்டு பேந்து வரட்டும்."

"பேந்து வந்து? டாக்டரிட்டை நாள் கிடைக்கவே வெள்ளி போயிடும்."

அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் கண்முன்னால் என் எழுத்தைக் கோடு போட்டு வெட்டி, அவள் சொன்ன வருத்தத்தின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினேன். பிழையை அவளே திருத்தினாள். கீழே கையெழுத்து வைத்தேன்.

"இப்படியான ஆள் இந்த வண்டியை ஓட்டலாமா?" என்றார் அதிகாரி.

பிரெஞ்சும் இங்கிலிசும் கலந்து போட்டேன் ஒரு சத்தம். "பதினொரு வருசம் பதற்றத்துக்குக் குளிசை போட்டுக்கொண்டு உங்கட சாமானை இறக்கினவன் நான். கை நடுங்கின நாளும் வண்டியை விட்டு இறங்கேல்லை, ஆக்களுக்குத் தெரிஞ்சுபோம் எண்டு. இவள் நிப்பாட்டி, திறப்பைக் கழட்டி, சொல்லிப்போட்டுப் போனவள். எங்கள் ரெண்டு பேரில ஆரால ஆபத்து?"

அதிகாரி இடாப்பை மூடினார். பிறகு, "ஓட்டிக் காட்டட்டும்" என்றார்.

ஓட்டினாள். உச்சித் தட்டில் பலட்டை வைத்தபோது தொட்ட சத்தம்கூட வரவில்லை. அதிகாரி வழிவிட்டார். வெள்ளிக்கிழமை மணித்தியாலம் நிறைந்தது, சான்றிதழும் வந்தது.

அன்று கார் நிறுத்துமிடத்தில் தம்பி பிடித்துக்கொண்டான். "அண்ணை, என்ர மகளுக்குச் சம்பந்தம் பேசுறம். உங்கட குளிசைக் கதை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா?"

"அவையளுக்கு என்ர நம்பரைக் குடு," என்றேன். "நானே சொல்லுறன். பிரஷர் இல்லை எண்டும் சொல்லுறன்."