பூட்டினேன் என்றாள் அம்புஜம்

அம்புஜத்துக்குப் பொய் சொல்ல வராது என்று அவளைத் தெரிந்தவர்கள் கற்பூரம் அடித்துச் சொல்வார்கள். பருப்பு வேகாவிட்டால்கூட வேகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் பரிமாறுவாள். அப்பேர்ப்பட்டவள் சொன்னாள் ஒரு பொய், அதுவும் ஒரே வார்த்தையில். அதற்கு அவள் திட்டமெல்லாம் போடவில்லை. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

கும்பகோணத்திலிருந்து மொரீஷியஸுக்கு வந்து ஒன்பது வருஷம். கணவர் பத்ரிநாராயணன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். போர்ட் லூயியின் சாந்த் குருவா பகுதியில் கோயிலுக்கு நாலு வீடு தள்ளி வாடகை வீடு. துறைமுகப் பக்கத்தில் ஒரு சட்டைத் தொழிற்சாலை. அதில் திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த பன்னிரண்டு மெஷின் மெக்கானிக்குகளுக்கு மதியச் சாப்பாடு அம்புஜத்தின் அடுப்பிலிருந்துதான் போனது. நாலு பெரிய டிபன் கேரியர். சைக்கிள் ஹேண்டிலில் இரண்டு, பின்னால் இரண்டு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும். பன்னிரண்டரைக்கு மறுபடி ஊதும். பஸ்ஸை நம்பினால் ரசம் சாயங்காலம்தான் போய்ச் சேரும். ஆகவே சைக்கிள் இருந்தால்தான் அம்புஜத்துக்குத் தொழில்.

அந்தப் புதன்கிழமை நல்ல மழை. அவசரத்தில் பூட்டை வீட்டு ஆணியிலேயே விட்டுவிட்டாள். தொழிற்சாலை வாசலுக்கு உள்ளேதானே நிறுத்துகிறோம், யார் எடுக்கப்போகிறார்கள் என்று சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கேரியரோடு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது சுவர்தான் இருந்தது.

"பூட்டினீர்களா?" என்று கேட்டார் மேனேஜர் ஃப்ரான்சிஸ். இங்கிலீஷில்தான் கேட்டார். இல்லை என்றால் இனி உள்ளேயே வராதே என்பாரோ என்ற பயம் ஒரு நொடி. "பூட்டினேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் தலை உருண்டது வாட்ச்மேன் வீரசாமிக்கு. பூட்டிய சைக்கிள் பட்டப்பகலில் வாசலைத் தாண்டிப் போகிறதென்றால் காவல்காரன் தூங்கியிருக்க வேண்டும், இல்லை கூட்டாளியாக இருக்க வேண்டும். வேறு சைக்கிள் வாங்கிக் கொடுக்கவேண்டியது வீரசாமி. சனிக்கிழமை அந்த அம்மாளோடு கடைக்குப் போய் அவன் கைக்காசில் வாங்கித் தரவேண்டும். திங்கட்கிழமை ரசீதைக் காட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதாக மேனேஜர் உத்தரவு.

மூன்று நாளாக அம்புஜத்துக்குச் சோறு இறங்கவில்லை. "ஃபாக்டரிக்காரா பாத்துப்பா, நீ ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுண்டிருக்கே?" என்றார் பத்ரிநாராயணன். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் சாப்பாட்டுக் கடையை மூடு என்பார். சொல்லவில்லை.

சனிக்கிழமை போர்ட் லூயியில் டானியேலின் சைக்கிள் கடை வாசலில் வீரசாமி அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போகிற மாதிரி. அந்தத் தீவிலேயே பிறந்தவன். அவன் தமிழ் தேவாரத்துக்கும் விசேஷத்துக்கும் போதுமான தமிழ், மற்றதெல்லாம் ஊர்ப் பாஷையான கிரியோல். அவளுக்குக் கிரியோல் சந்தையில் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான்.

"வாங்க அம்மா" என்றான். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் பாவி.

கடையில் டயர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அம்புஜம் உள்ளே நுழைந்ததும் மூலையில் கிடந்த ஒரு பழைய கறுப்புச் சைக்கிளைக் காட்டினாள். ஸீட்டு கிழிந்து, மட்கார்ட் நெளிந்து, இருக்கிறதிலேயே மலிவு. "இதுவே போதும். எனக்கு என்ன, ரெண்டு மைல்தானே" என்றாள். விலை குறைந்தால் பாவமும் குறையும் என்று கணக்குப் போட்டாள் போலிருக்கிறது.

வீரசாமி அதைத் தூக்கிப் பார்த்தான். பெடலைச் சுற்றினான். சக்கரம் கோணிக்கொண்டு ஓடியது. "இது வேணாம் அம்மா. உங்க சாம்பார் எல்லாம் ரோட்டுக்குப் போகும்."

டானியேல் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் ஒன்றை இழுத்து வந்தார். வாலிபர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்களாம். கேரியர் மாட்ட இடமே இல்லை. ரேஸ் சைக்கிளின் டயரோ விரல் தடிமன். குனிந்து ஓட்டவேண்டும், புடவைக்குச் சரிப்படாது. கடைசியாகச் சுவரில் மாட்டியிருந்த ஒன்றை இறக்கினார். பச்சை நிறம். ரெண்டுக்கும் நடுவில் ஒரு ஜாதி, இதற்குப் பெயர் ஹைப்ரிட் என்றார். டயர் மெலிசும் இல்லை தடிமனும் இல்லை. ஆறு கியர். நடுக்கம்பி தாழ்வாக வளைந்து போனது. புடவையோடு காலை வைத்து ஏறலாம்.

விலையைக் கேட்டாள் அம்புஜம். கறுப்புச் சைக்கிளைப்போல இரண்டு பங்கு. "ஐயோ, வேண்டாம் வேண்டாம்" என்று பதறினாள்.

வீரசாமி அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. டானியேலோடு கிரியோலில் மல்லுக்கு நின்றான். பெயிண்டில் ஒரு கீறலைக் காட்டினான். சைக்கிளின் பின் கேரியரைச் சும்மா மாட்டித்தரச் சொன்னான். கைகூப்பினான், சிரித்தான், கோபித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான். அரைமணி நேரம் வாதாடி விலையைக் கொஞ்சம் இறக்கிவிட்டான். மாட்டிப் பார்க்கவென்று அம்புஜம் கொண்டுவந்திருந்த டிபன் கேரியரில் தண்ணீர் நிரப்பி, ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, கருங்கல் பாவிய அந்தத் தெருவில் தானே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மூடியைத் திறந்து காட்டினான்.

"பாருங்க அம்மா! ஒரு சொட்டு போகல்ல!"

அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். யாரோ அவனுக்கே வாங்கிக் கொடுத்ததுபோல.

சட்டைப் பையிலிருந்து முன்பணம் போட்ட உறையை எடுத்து டானியேலிடம் நீட்டினான். பிறகு பூட்டுகள் தொங்கிய பலகைப் பக்கம் போனான். "நீங்க போட்ட பூட்டு எவ்வளவு பெரிசு அம்மா? அதை எப்படி உடைச்சான்னு மூணு நாளா யோசிக்கிறேன். எனக்குச் சத்தம் கேக்கல்ல. நான் தூங்கல்ல, சத்தியமா தூங்கல்ல."

அவள் கேரியரின் மூடியை அழுத்தி மூடினாள்.

"முன்ன நான் துறைமுகத்திலே வேலை. ஒரு சீனி மூட்டை காணோம். நான் எடுத்தேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் எடுக்கல்ல. அப்போ பொன்னம்மா என்னை நம்பினா, என் பெண்சாதி. இப்போ ரெண்டாம் தரம். இப்போ அவ நம்பல்ல அம்மா. சைக்கிளை யாருக்கு வித்தேன்னு கேக்கிறா. புதன்கிழமையிலிருந்து என்னோட பேச்சு இல்ல." ஒரு தடித்த சங்கிலிப் பூட்டைக் கையில் எடைபோட்டான். "இது பெரிசு. இதையும் வாங்குவோம்."

"பூட்டலை" என்றாள் அம்புஜம்.

"என்ன அம்மா?"

"நான் பூட்டவே இல்லை வீரசாமி. பூட்டை ஆத்துலயே வச்சுட்டு வந்துட்டேன். பயத்துல பூட்டினேன்னு சொல்லிட்டேன். மூணு நாளா உங்களைக் கொன்னுண்டிருக்கேன்."

வீரசாமி பூட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினான். அவசரமே இல்லாமல் மாட்டினான். திரும்பியபோது அவன் முகம் வேறாக இருந்தது. அந்தச் சாதுவான மனிதன் ஓங்கி அறைந்துவிடுவானோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அறைந்தாலும் தப்பில்லை என்றும் தோன்றியது.

"காசைத் திருப்பிக் கொடுங்கோ" என்று டானியேலிடம் அவளே கைநீட்டினாள். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உறையை மேஜைமேல் போட்டார். பச்சைச் சைக்கிள் மறுபடி சுவருக்கு ஏறியது. திங்கட்கிழமைச் சாப்பாடு போச்சு, தொழில் போச்சு. "முதல்ல மேனேஜராத்துக்குப் போறேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"மேனேஜர் திங்கட்கிழமை" என்றான் வீரசாமி. "இப்போ என் வீடு. பொன்னம்மாகிட்ட சொல்லுங்க."

ஊர் ஓரத்தில் அவன் வீடு இருந்த டிராங்கெபார் மேட்டில் அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். தண்ணீர்க் கேரியரைக் கொட்டக்கூடத் தோன்றாமல் தூக்கிக்கொண்டே ஏறினாள். மூச்சு இரைத்தது. தகரக்கூரை வீடுகள் ஒன்றோடொன்று தோளை இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஆள். வீரசாமி கடந்து போகும்போது பேச்சு நின்றது, போனபின் தொடர்ந்தது. திருடன் தெருவில் நடந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள், நினைத்தவுடன் கூசிப்போனாள்.

பொன்னம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். கணவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது கிரியோல் மட்டும்.

"நீங்க சொல்லுங்கோ, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள் அம்புஜம் மெதுவாக. "அவாளுக்குத் தமிழ் புரியாதே."

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது என் பேச்சு. மூணு நாளா சொல்றேனே, நம்பினாளா?"

அம்புஜம் தனக்குத் தெரிந்த கிரியோலையெல்லாம் தேடினாள். வெண்டைக்காய் இருந்தது, தக்காளி இருந்தது, எவ்வளவு என்பது இருந்தது. காய்கறிக்காரிகள் மார்பில் அடித்துக்கொண்டு, பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்வார்களே, அந்தச் சொல்லும் இருந்தது.

"மோ தி கோஸ் மாந்தி" என்றாள். நான் பொய் சொன்னேன். தன் மார்பில் விரலை வைத்துக் காட்டினாள். "மோ பா தி மெத் கத்னா." நான் பூட்டுப் போடவில்லை. பிறகு வீரசாமியைக் காட்டி, இவர் ஒன்றும் செய்யவில்லை என்பதற்குச் சொல் கிடைக்காமல் தலையை ஆட்டி ஆட்டிக் கண்ணீர் விட்டாள்.

பொன்னம்மா ஈரக்கையோடு எழுந்து நின்றாள். அம்புஜத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். அவள் அழவில்லை. வேலியருகே போய், "மிஷெலின்!" என்று பக்கத்து வீட்டுக்காரியை உரக்கக் கூப்பிட்டாள். எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்து இன்னொரு பெயரைக் கூப்பிட்டாள். தலைகள் எட்டிப் பார்த்தன. பொன்னம்மா அம்புஜத்தின் முழங்கையைப் பிடித்து வாசல் நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அங்கோர்" என்றாள். மறுபடி சொல்.

அம்புஜம் சொன்னாள்.

"ப்லி ஃபோர்." இன்னும் உரக்க.

வீரசாமி தலை குனிந்து நின்றான்; அவன் தோள் குலுங்கியது. அம்புஜம் கேரியரைக் கீழே வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கடைசி வீடுவரை கேட்கும்படி, நான் பொய் சொன்னேன் என்று கத்தினாள்.