பெல்ட்டா, செயினா என்று கேட்கப் போனேன்

போன ஆடி மாதம், வேலூரில் ஒரு மின்சார பைக் ஷோரூமில் இது தொடங்கியது. தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அட்டவணை போடாமல் எதையும் வாங்கத் தெரியாது. இந்த முறை கேள்வி ஒன்றுதான். பின்சக்கரத்தைச் சுற்றுவது பெல்ட்டாக இருக்க வேண்டுமா, செயினாக இருக்க வேண்டுமா?

காரணம் என் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன், அணைக்கட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், அவள் சேலை என் பைக்கின் செயினில் சிக்கியது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அவள் என் பின்னால் உட்காரவில்லை. திட்டவும் இல்லை. நான் பைக்கில் போவேன், அவள் பஸ்ஸில் வருவாள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் மாதிரி மண்டபத்தில் சந்தித்துக்கொள்வோம். அவள் மறுபடி என்னோடு வண்டியில் வர வேண்டும். அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி.

அட்டவணையில் பெல்ட் முந்தியது. எண்ணெய் போட வேண்டாம், சத்தம் கம்மி, சேலையில் கறை படாது. செயினுக்கும் சில மதிப்பெண் உண்டு: ஜல்லி ரோட்டைத் தாங்கும், அறுந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணி மாற்றித் தருவார். ‘சேலை சிக்குமா?’ என்ற கட்டம் மட்டும் காலி. பெல்ட் சாஃப்ட்டானது, ஒன்றும் ஆகாது என்றார் விற்பனையாளர். சாஃப்ட் என்பதை எந்த அலகில் அளப்பீர்கள் என்று கேட்டேன். டீ வரவழைத்தார்.

பெல்ட்டோடு வாழ்கிறவர்களைக் கேட்போம் என்று, ஆம்பூரில் நான் முன்பு ஆய்வுக்குப் போன ஒரு தோல் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே தோலை ஊறவைத்துச் சுற்றும் பெரிய மர டிரம்களை ஓட்டுவது பெல்ட்தான். டிரம் பார்க்கும் ஒருவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். கேள்வியைச் சொன்னதும் வலது கையை நீட்டினார். இரண்டு விரல் இல்லை.

“பெல்ட்டுதான் சார் எடுத்துச்சு. செயின் இன்னா, பெல்ட் இன்னா, சுத்துறது எல்லாமே இழுக்கும். ரிப்பேருக்கு பேஜாரா இருக்குன்னு பெல்ட்ட மூடுற தடுப்பு வலையக் கழட்டி வச்சிருந்தோம். அடுத்த மாசம் நீங்கதான் வந்து நோட்டீஸ் எழுதுனீங்க.”

நினைவு வந்தது. ‘தடுப்பை அகற்றியது மன்னிக்க முடியாத அலட்சியம்’ என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவர் என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார். என் பழைய பைக்கின் பின்சக்கரத்தைப் பார்த்தார். சேலை போகாமல் தடுக்கும் கம்பி, சாரி கார்டு, அங்கே இல்லை.

“எங்க சார் அது?”

கடகடவென்று ஆடுகிறது என்று, அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நான்தான் கழற்றிப் பரணில் போட்டிருந்தேன். அவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அப்போ உங்களுக்கு யாரு சார் நோட்டீஸ் குடுக்குறது?” என்றார். கிண்டலாகக் கேட்டாரா, சந்தேகத்தில் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து கார்டை எடுத்தேன். ஆட்டம் நிற்கத் தேவைப்பட்டதெல்லாம் இரண்டு ரப்பர் வாஷர். பத்து நிமிட வேலை. துணி உலர்த்த வந்த மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். இதைக் கழற்றியது நான்தான், செயின் மேல் தப்பில்லை என்றேன்.

“தெரியும். அன்னிக்கு ரோட்டுல விழுந்து கிடக்கும்போதே பார்த்தேன். நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பாக்கத்தான் பஸ்ல போய்ட்டிருந்தேன்.”

புது பைக் வாங்கவில்லை. பெல்ட்டா, செயினா என்ற ஆர்வம் மட்டும் போகவில்லை. அட்டவணை பத்திரமாக இருக்கிறது. இப்போது அவள் வண்டியில் வருகிறாள். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குனிந்து அந்தக் கார்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறாள். முப்பது வருடம் ஊரையெல்லாம் சோதித்த நான், அவள் நிமிர்ந்து தலையாட்டும் வரை, தேர்வு முடிவுக்கு நிற்பவன் போல வண்டியைக் கிளப்பாமல் காத்திருக்கிறேன்.