ஆறாவது வீட்டுக் குழாய்

2024 மே 9, வியாழக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட் இரண்டையும் எடுத்து, ஒன்றைக் காய்ச்சினேன். ஐந்து முப்பதுக்கு மோட்டார் போட்டேன். ஐந்து நாற்பத்திரண்டுக்கு மாடித் தொட்டி வழிந்தது, நிறுத்தினேன். ஆறு மணிக்கு நடை. சித்திரை வீதி நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது ஆறு ஐம்பது. அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டியது. இட்லி நான்கு. வேலைக்குப் போய், அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றரைக்குத் திரும்பினேன்.

விடுப்புக்குக் காரணம் வீடு. மறுநாள் அட்சய திருதியை. பத்தே முக்காலுக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு டோக்கன். கையெழுத்துப் போட்டுவிட்டால் வீடு எங்களுடையது. பதினான்கு வருடமாக வாடகைக்கு இருக்கும் ஸ்ரீரங்கத்து வீட்டை இடித்துக் கட்டப் போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். ஆனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்.

நான் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங்கைச் சோதிக்கிறவன். பார்வைக்கு நன்றாக இருக்கும் பற்றவைப்பின் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீடு தேடிய மூன்று வருடமும் அதே கண்ணோடுதான் திரிந்தேன். பத்தொன்பது வீடு பார்த்து, பத்தொன்பதுக்கும் தனித்தனிப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்; விரலால் அழுத்தினால் மாவு போல உதிர்ந்தது. ஒன்றில் அனுமதி வாங்கிய வரைபடத்தில் நான்கு வீடு, கட்டியிருந்தது ஐந்து. இன்னொன்றில் எல்லாம் சரி, தாய்ப்பத்திரத்தின் நகலை மட்டும் கடைசிவரை கண்ணில் காட்டவில்லை.

இருபதாவது வீடு, விமான நிலையத்தைத் தாண்டி, புதுக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே ஒரு புது நகரில். மூன்று தளம், ஆறு வீடு. ஐந்து விற்றுவிட்டது. மீதமிருந்தது இரண்டாம் தளத்தில் கிழக்குப் பார்த்த ஒன்று. பங்குனியில் முதல் தடவை பார்த்தோம். அதற்குப் பிறகு ஐந்து தடவை போனேன். பத்து ரூபாய் நாணயத்தால் தரையை ஓடு ஓடாகத் தட்டினேன். வெற்றுச் சத்தம் கேட்ட ஓடுகள் மூன்று, மூன்றையும் பெயர்த்து மாற்ற வைத்தேன். குளியலறை வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டுக் கூரையில் கசிகிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகினேன். வில்லங்கச் சான்றிதழை வக்கீலிடம் கொடுத்துவிட்டு நானும் படித்தேன்.

தரையைத் தட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வாசலில் நின்று சிரித்தாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இவ்வளவு தட்டிப் பாத்திருந்தா நானும் தப்பிச்சிருப்பேன், நீங்களும் தப்பிச்சிருப்பீங்க."

அறுபத்து மூன்று கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். அறுபத்து மூன்றுக்கும் டிக் விழுந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. பட்டறையில் ஒரு குறைகூட இல்லாத பட்டியல் வந்தால் நான் மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன்.

வியாழக்கிழமை போனது ஜன்னல் திரைக்கு அளவெடுக்க. அதற்கு முன் போன ஆறு தடவையும் முதல் நாளே பில்டரின் சூப்பர்வைசருக்குப் போன் செய்துவிட்டுத்தான் போனோம், சாவி அவரிடம் இருந்ததால். செவ்வாய்க்கிழமை அவரே சாவியை நீட்டி, "இனிமே உங்க வீடுதானே சார், வெச்சுக்குங்க" என்றார். அதனால் இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் போகும்போது கீழே வெறும் மணல். இரண்டு ஐம்பதுக்கு வீடு. மனைவி நாடாவைப் பிடிக்க நான் ஜன்னல்களின் அளவை எழுதினேன். கை முழுக்கத் தூசி. கழுவுவதற்கு அவள் சமையலறைக் குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. காற்று வந்தது. செம்மண் நிறத்தில் இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

குளியலறையிலும் அப்படியே. மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். அடியில் நான்கு விரல் தண்ணீர். கீழே வந்து, தரைக்குள் கட்டியிருந்த சம்ப்பின் இரும்பு மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். வண்டல்தான் தெரிந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

"வால்வு மூடியிருக்கும் சார். வெயில் காலம், கரண்டும் வந்து வந்து போகுது. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருந்தா எல்லாம் ரெடியா வெச்சிருப்பேனே."

அந்தக் கடைசி வாக்கியத்தை நேரத்தோடு எழுதிக்கொண்டேன். மூன்று இருபது.

இதையும் எழுத வேண்டும்: குழாயில் காற்று வந்த கணத்தில் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. குறை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். மனைவி அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

"இதுக்குத்தான காத்திருந்தீங்க?" என்றாள். பிறகு கைத்தூசியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

முதல் தளத்தில் ஒரு பெண் குடியிருந்தாள். கணவர் குவைத்தில் வேலை. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. முதல் தடவை வந்தபோதே எங்களைக் கூப்பிட்டு டீ கொடுத்தவள். "தண்ணியெல்லாம் பிரச்சினையே இல்லைக்கா" என்று கேட்காமலே சொன்னாள். கேட்காமல் சொன்னதற்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டீ நன்றாக இருந்தது.

அன்று வெக்கைக்காக அவள் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் நீல நிற டிரம் நான்கு. குடங்கள் வேறு. எங்களைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றவள், டிரம்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

"உள்ள வாங்கக்கா. அண்ணே, உக்காருங்க" என்றாள். "இன்னிக்கு வர்றீங்கன்னு சொல்லவே இல்லையே."

"சொல்லிட்டு வந்தா குழாய் பிச்சுக்கிட்டு ஊத்தும். இல்ல?" என்றாள் மனைவி.

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வர்ற அன்னிக்குக் காலையில லாரித் தண்ணி வந்துரும்க்கா. மத்தபடி வாரத்துக்கு ரெண்டு லாரி, அஞ்சு வீட்டுக்கும். நீங்க வர்றீங்கன்னாலே எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஸ்ரீரங்கத்துக்காரங்க வர்றாங்க, போர்வையெல்லாம் ஊற வைங்கன்னு மேல் வீட்டுக்குச் சத்தம் குடுப்பேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "ஏம்மா, எங்ககிட்ட ஏன் மறைச்சே?" என்று கேட்டாள்.

"ஆறாவது வீடு வித்தாத்தான் புது போர் போடுவேன்னுட்டாருக்கா பில்டரு. அதுவரைக்கும் பாக்க வர்றவங்ககிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அஞ்சு வீட்டுக்காரங்களும் சரின்னு தலையாட்டினோம். பொய்தான். அல்லாவுக்குத் தெரியும், எனக்கு அந்த டீ அன்னிக்கு இறங்கலை."

நான் கேட்டேன்: "இருக்கிற போர் என்னாச்சு?"

"தை வரைக்கும் ஓடிச்சு அண்ணே. அப்புறம் சேறு. மாசியில வண்டி கொண்டாந்து ரெண்டு இடத்துல போட்டுப் பாத்தாங்க. ரெண்டுலயும் பாறை, புழுதி. என் மகளுக்கு நாலு நாள் இருமல்."

வண்டி நிறுத்தும் இடத்தின் மூலையில் மூடி போட்ட குழாய் இரண்டு தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்ததை முதல் நாளே எழுதியிருந்தேன். வாய் அகலம் ஏழு அங்குலம் என்று அளந்தும் வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டபோது சூப்பர்வைசர் "கரண்டுக்குப் போட்ட எர்த் பைப் சார்" என்றார். ஏழு அங்குலத்தில் எர்த் பைப் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் ஒரு டிக்.

அந்த இரண்டு குழாயும்தானா என்று கேட்டேன். "அதுதான், அதேதான்" என்றாள் அவள். "மூணாவது இடத்துல நிச்சயம் வரும்னு நீரோட்டம் பாக்கறவர் சொல்லியிருக்காராம். நீங்க வாங்கிட்டீங்கன்னா போட்டுருவாரு அண்ணே. வேண்டாம்னு போயிட்டீங்கன்னா..." மகளின் பாவாடை ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

வீடு திரும்பியதும் என் கேள்விப் பட்டியலை எடுத்தேன். நாற்பத்தோராவது கேள்வி: 'போர் உள்ளதா?' பதில்: 'உள்ளது.' அவ்வளவுதான். எத்தனை அடி, எந்த மாதம்வரை ஓடும், ஒரு மணி நேரத்தில் தொட்டி எவ்வளவு ஏறும் என்று ஒன்றும் இல்லை. கதவுத் தாழ்ப்பாளுக்கு மட்டும் நான்கு கேள்வி எழுதியிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் முப்பது அடியில் தண்ணீர் நிற்கும். கோடையில் ஆறு காய்ந்தாலும் வீட்டில் மோட்டார் ஓடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருந்துகொண்டு எவன் அதைக் கேட்பான்?

"மீன் வீடு வாங்கப் போன கதைதான்" என்றாள் மனைவி. ஆனால் அவள் குரலில் சிரிப்பு இல்லை. அந்தச் சமையலறை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கிழக்கு ஜன்னல், அதன் கீழே மேடை. அங்கே எந்தப் பாத்திரம் எங்கே என்று அவள் முடிவு செய்து ஒரு மாதமாகிறது.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. தண்ணி இல்லேன்னுதான் யோசிக்கிறீங்களா, இல்ல எந்த வீடும் வாங்கற எண்ணமே உங்களுக்கு இல்லையா? எனக்கு இப்ப பில்டர் மேல இருக்கிற சந்தேகத்தைவிட உங்க மேலதான் ஜாஸ்தி."

தண்ணீர் வந்தால் இதே வீட்டை வாங்குகிறேன் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதி, தேதியிட்டுக் கொடுத்தேன். மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு பில்டரே கூப்பிட்டார். சூப்பர்வைசர் சொல்லியிருக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், சின்ன விஷயம். அடுத்த மாசம் போர் போட்டுத் தரேன். முத்திரைத்தாள்லயே எழுதித் தரேன், போதுமா?"

கேட்காமலே எழுதித் தருகிறேன் என்பவரிடம் எனக்குப் பயம் அதிகம்.

"போர் போடறதை எழுத வேண்டாம். தண்ணி வரும்னு எழுதுங்க" என்றேன்.

"பூமிக்குள்ள இருக்கறதுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

"அப்ப முதல்ல போடுங்க. வரட்டும், நாங்க பார்க்கறோம். ஆனியில பதிஞ்சுக்கலாம்."

"நாளைக்கு நல்ல நாள் சார், டோக்கன் எடுத்தாச்சு. நீங்க வாங்கலேன்னா வீடு காத்திருக்காது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பார்ட்டி பார்க்க வர்றாங்க. லால்குடிக்காரங்க. உங்களை மாதிரி தட்டித் தட்டிப் பார்க்கற ஆளுங்க இல்ல. காலையில ஏழு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

வைத்துவிட்டார். லால்குடி என்றதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாய்க்கால் ஓடும், நெல் விளையும் ஊர். அவர்களும் தண்ணீரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "வேற ஒருத்தி அந்தச் சமையலறையில நிப்பா, பரவாயில்ல. ஆனா அந்தப் பொண்ணு மறுபடியும் டீ போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமே."

எங்கள் கையெழுத்து விழாத ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண் டிரம்மோடு இருக்க வேண்டும். கையெழுத்து விழுந்தால் ஒரு டிரம் கூடுதலாக, நாங்களும் இருப்போம். அவள் சொன்னது எல்லாம் உண்மைதானா என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். பிறகு சம்ப்பின் அடியில் பார்த்த வண்டல் ஞாபகம் வந்தது. ஒன்பதரைக்குப் படுத்தோம். முடிவு என்ன என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மே 10, வெள்ளிக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தபோது மனைவி ஏற்கெனவே கூடத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

"பில்டருக்கு அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல அந்த முதல் மாடிப் பொண்ணுக்குச் சொல்றேன். தொழுகைக்கு எழுந்திருப்பா."

இரண்டாவது மணியிலேயே அந்தப் பெண் எடுத்துவிட்டாள்.

"நாங்க இன்னிக்குப் பதிய வரலைம்மா. வீடு வேண்டாம்னு சொல்லலை. அவர் முதல்ல போர் போடட்டும், தண்ணி வந்தா அன்னிக்கே வர்றோம். நீங்க அஞ்சு வீடும் சேர்ந்து அவர்கிட்ட அதையே கேளுங்க."

அந்தப் பக்கம் வாளியில் எதையோ மொள்ளும் சத்தம் கேட்டது. "சரிக்கா" என்றாள். பிறகு, "நாளைக்கு லால்குடியிலேர்ந்து யாரோ வர்றாங்களாம். அவங்ககிட்ட நான் என்னக்கா சொல்றது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். குடிக்கத் தண்ணி குடுப்பேல்ல? குழாய்த் தண்ணி இல்ல, கேன் தண்ணின்னு சொல்லிக் குடு."

வாளிச் சத்தம் நின்றது. மனைவி போனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"பதினோரு மணிக்குத்தானேக்கா வர்றாங்க? டீக்குப் பதிலா கேன் தண்ணியே எடுத்து வெக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.