குருவிக் கண்காட்சிக்குச் சரவெடி

எனக்குத் தொழில் காலண்டர் டிசைன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முருகனுக்கு வேல் வைப்பேன், லட்சுமிக்குத் தாமரை வைப்பேன். இப்போதெல்லாம் ஏஐயிடம் சொன்னால் அதுவே வரைந்து தந்துவிடுகிறது. கைக்கு ஆறு விரல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இதைக் கலை என்று யாரும் சொன்னதில்லை. யாராவது சொல்ல மாட்டார்களா என்ற ஆசை மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

போன கோடையில் நான் வைத்த கண்காட்சி அந்த ஆசையில் பிறந்ததுதான். நம் பக்கம் இல்லாமல் போன பறவைகளை ஏஐயை வைத்துத் திரையில் கொண்டுவருவது என்று திட்டம். பிணந்தின்னிக் கழுகு வந்தது, கானமயில் வந்தது. கானமயிலை நானும் பார்த்ததில்லை, ஏஐயும் பார்த்ததில்லை, இரண்டு பேரும் சேர்ந்து வரைந்துவிட்டோம். கடைசித் திரையில் மட்டும் சிட்டுக்குருவி. அது இன்னும் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் அதன் சத்தத்தைக்கூட எந்திரம்தான் போட்டுக்காட்ட வேண்டியிருக்கும் என்பது அந்தத் திரையின் கருத்து. ரொம்பப் பெரிய கருத்து என்று எனக்கு நினைப்பு.

இடம் கொடுத்தது அத்தான். அக்காவின் வீட்டுக்காரர், பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். திருத்தங்கலில் அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு ரூம் காலியாகக் கிடந்தது. அதன் வாசல் சுவரில் மூடி உடைந்த பழைய மீட்டர் பெட்டி ஒன்று. அதற்குள் ஒரு ஜோடிக் குருவி கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கம் வயர் இழுக்கக் கூடாது என்று எலக்ட்ரீசியனோடு மல்லுக்கு நின்றேன். தாய் இரையோடு வரும்போது போடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து ஏஐக்குக் கொடுத்தேன். அது அதே மாதிரி சொந்தமாகக் கத்தப் பழகிக்கொண்டது.

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மதுரையிலிருந்து ஓவிய ஆசிரியை ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். அச்சகத்து ஆட்களும் தெருக்காரர்களும் கூடியிருந்தார்கள். அத்தான் ஆயிரம் வாலா சரத்தைப் பிரித்து வாசலில் விரித்துவிட்டு, புகைகிற ஊதுபத்தியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா புள்ள, நீயே பத்த வையி. ஒன் காரியம்ல!"

எங்கள் பக்கம் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும், கம்பெனியில் புது மெஷின் இறக்கினாலும், சரம் வெடித்துத்தான் தொடங்கும். வெடிக்காவிட்டால் என்ன விசேஷம் இது என்பார்கள். நான் குனிந்து பற்றவைத்தேன். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் மானத்தை வாங்குகிறது. தோன்றி, அத்தான் மனம் கோணக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட என்னைக் கொஞ்சம் மன்னித்துவிடலாம். காதைப் பொத்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், போட்டோ இருக்கிறது.

புகை அடங்கியதும் ஆசிரியை மெதுவாகக் கேட்டார். "பறவைக் கண்காட்சிக்கு வெடியாம்மா?"

"எங்க ஊரு அப்படித்தான் டீச்சர்" என்று சொல்லி, அவரை உள்ளே கூட்டிப்போனேன்.

குருவித் திரை முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். வாசலில் மூன்று குஞ்சோடு இருக்கும் கூட்டிலிருந்து எடுத்த சத்தம் என்று பெருமையாகச் சொன்னேன். "நெசக் குருவி தோத்துச்சு போங்க" என்றார் அச்சகத்து ஆள் ஒருவர். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு திரைகளை அணைத்தேன். அப்போதுதான் வெளியே சத்தமே இல்லை என்பது உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெடித்த காகிதம் மீட்டர் பெட்டிக்குள்ளேயும் தெறித்துக் கிடந்தது. குஞ்சுகள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்தன. தாயையும் காணோம், தகப்பனையும் காணோம்.

குருவிகள் கூட்டுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க எதிர் வீட்டு நிழலில் போய் நின்றேன். அக்கா வந்து, "எம்புட்டு நேரமா இங்கனயே நிக்கிற? வந்துரும்டி" என்றாள். அத்தானும் வந்து நின்றார். பேச்சுக்குக் குறைவில்லாத மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தோணலயே புள்ள" என்றார்.

"எனக்குந்தான் அத்தான்."

வெயில் இறங்கியது. சத்தம் கேட்டால் தாய் திரும்பி வருமோ என்று ஒரு கிறுக்குத்தனம் தோன்ற, போனைப் பெட்டியருகே பிடித்து ஏஐயின் குருவிச் சத்தத்தைப் போட்டேன். தாய் வரவில்லை. குஞ்சுகள்தான் எழுந்தன. கண்கூடச் சரியாகத் திறக்காத அந்த மூன்றும் கழுத்தை நீட்டி, என் போனைப் பார்த்து வாயைத் திறந்தன. ஊட்டுவதற்கு அதனிடமும் எதுவும் இல்லை, என்னிடமும் எதுவும் இல்லை.

"நிறுத்து புள்ள" என்றார் அத்தான். நிறுத்தினேன். வாய்கள் அப்படியே திறந்திருந்தன.

அக்கா அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஈர்க்குச்சியில் தொட்டுத் தொட்டு ஊட்டிப் பார்த்தாள். விடிந்தபோது மூன்றும் அசையவில்லை. அத்தான் அவற்றைக் கொல்லையில் புதைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியை போன் செய்தார். மதுரையில் ஒரு பெரிய கண்காட்சி, குருவித் திரையை அங்கே வைக்க வேண்டுமாம். "ரொம்ப உயிர் இருந்துச்சும்மா அதுல. நீங்க செஞ்சது கலை" என்றார். இத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. கொண்டுவருகிறேன் என்றேன்.

"ஆமா, அந்தக் குஞ்சுகள் என்னாச்சு? இந்நேரம் பறந்திருக்குமே?"

"பறந்துருச்சு டீச்சர்" என்றேன்.