தம்பியின் எடை

நிவாரணக் காசு கொடுப்பதற்காகக் குடும்பங்களைப் பார்க்க உத்தியோகத்தர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், என் மருமகள் பக்கத்து வீட்டில் நாற்காலிகளும் பூப்போட்ட மேசைத்துணியும் இரவல் வாங்கி வந்தாள். சுவரில் விரிசல் விட்ட இடத்தை மறைத்துக் காலண்டர் மாட்டினாள். அதெல்லாம் வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடி கிடக்கட்டும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வர்றவங்கள தரையிலயா ஒக்கார வைப்பீங்க அத்தை? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றாள்.

வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்குக் காசு வரவில்லை. மருமகள் அழுதபோது அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அம்மாவும் இதைத்தான் செய்தாள்.

அப்போது நாங்கள் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில் இருந்தோம். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கத்தியும், அதைத் தீட்டுகிற கல்லும்தான் அவருடைய சொத்து. எனக்குப் பிறகு வெகுநாள் கழித்துத் தம்பி பிறந்தான். நோஞ்சான் பிள்ளை. அழுதால்கூடச் சத்தம் வெளியே வராது. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், தொட்டிலில் அவன் கிடப்பதே தெரியாது என்று ஆயா சொல்லுவாள்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்து வாங்க எல்லாரும் கூடி நின்றபோது கங்காணி ஒரு செய்தி சொன்னாராம். "நாளைக்குப் பிள்ளைக்காம்பராவுல புள்ளைகள நிறுக்கப் போறாங்க. அரசாங்கம் சத்து மா குடுக்குது. எடையப் பாத்துத்தான் குடுப்பாங்களாம். நேரத்தோட கொண்டாந்திருங்க." அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

எங்களுக்குத் தராசு என்றால் கொழுந்து நிறுக்கிற தராசுதான். சொன்ன அளவுக்குக் கொழுந்து இருந்தால் முழுப்பேர், அதாவது அன்றைய சம்பளம் முழுசாகக் கிடைக்கும். குறைந்தால் அரைப்பேர். பாரம் கூடினால் கிடைக்கும், குறைந்தால் போகும். தராசுக்கு வேறு குணம் இருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவுடைய தம்பி. கொழுந்துச் சாக்குகளை லாரியில் ஏற்றுகிற வேலை அவருக்கு. தராசைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் தோட்டத்திலேயே இல்லை என்று ஒரு நினைப்பு. தம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இவன இப்பிடியே தூக்கிட்டுப் போனா அரைப்பேருகூடத் தேறாது."

"அதுக்கு நான் என்னடா செய்ய?"

"கொழுந்துக்கு என்ன செய்வீங்க? கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கிருவீங்கள்ல?"

"புள்ளைக்குத் தண்ணி தெளிச்சா சளி புடிக்கும்டா, மடையா."

"கல்லுக்குச் சளி புடிக்குமா?" என்று சொல்லிவிட்டு மாமா அப்பாவின் தீட்டுக்கல்லைக் கையில் எடுத்தார்.

அம்மா முதலில் பயந்தாள். அரசாங்கத்தை ஏமாற்றினால் பாவம் என்றாள். "கூடைப் பாரம்னு சொல்லி நம்ம கொழுந்துல எடையக் கழிக்கிறாங்களே, அந்தப் பாவத்த யாரு சொமக்கிறா?" என்று மாமா கேட்டார். அம்மா பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்தாள். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நல்ல மழை. கல்லைத் துணியில் சுற்றித் தம்பியின் முதுகில் கட்டி, மேலே கம்பளிச் சட்டையைப் போட்டார்கள். சின்னக் கூனன் மாதிரி இருந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிள்ளைக்காம்பராவில் நிறுக்க வந்த மிசியம்மாவுக்கு, நர்சைத்தான் அப்படிச் சொல்லுவோம், அவசரம். மண் சரிந்தால் பாதை அடைபட்டுவிடும் என்று டிரைவர் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். அதனால் சட்டைகளைக் கழற்றச் சொல்லாமலே பிள்ளைகளைத் தூக்கித் தராசுத் தொட்டிலில் போட்டாள். தம்பியின் முறை வந்தது. முள் நகர்ந்தது. மிசியம்மா அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, சிங்களமும் தமிழும் கலந்து பேசி அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"ஹொந்தாய்! நல்ல பாரம். அம்மா நல்லாப் பாக்கிறது."

அம்மாவை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. கங்காணி சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே மா வாங்குகிற இடத்துக்குப் போய் முந்தானையை விரித்தாள்.

"ஒனக்கு இல்ல," என்றாள் ஆயா. "மெலிஞ்ச புள்ளைகளுக்குத்தான். ஒம் மகன்தான் தேறிட்டானாமே."

பக்கத்துக் காம்பராக்காரியின் பிள்ளைக்கு மா கிடைத்தது. அம்மா முந்தானையை விரித்தபடியே நின்றாள். நான் அவள் சேலையை இழுத்து, "அம்மா, கல்லு..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். கம்பளிச் சட்டையைக் கழற்றிக் காட்ட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மிசியம்மா அவளைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குக் கோபம் வந்தது. "கொறஞ்சவனுக்குக் குடுக்கிற தராசு எந்தத் தேசத்துல இருக்கு?" என்று லயமே கேட்கக் கத்தினார். அடுத்த மாதம் சட்டை இல்லாமல் கொண்டுபோகிறேன் என்று அம்மா சொன்னாள். அடுத்த மாதம் பாதை சரிந்து கிடந்தது. வண்டி வரவில்லை.

பக்கத்துக் காம்பராக்காரி தன் மாவை ஒரே சட்டியில் பிசைந்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உருட்டிக் கொடுப்பாள். எனக்கும் ஒரு உருண்டை தருவாள். மா கிடைத்திருந்தால் அம்மாவும் அப்படித்தான் எனக்கும் சேர்த்துப் பிசைந்திருப்பாள். அதில் தம்பிக்கு எவ்வளவு போயிருக்கும், அது போதுமானதாய் இருந்திருக்குமா என்று இந்த வயதிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மழை விடுவதற்கு முன்பே தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அப்பாவும் அம்மாவும் அவனைத் துணியில் பொதிந்து, பதுளை ஆஸ்பத்திரிக்கு என்று விடியற்காலையில் புறப்பட்டார்கள். சரிந்த மண்ணைத் தாண்டி நடந்துபோய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். வருவதற்கு நாளாகும் என்று சொல்லி என்னை ஆயாவிடம் விட்டுப்போனார்கள். ஆனால் வெயில் ஏறுவதற்குள் அவர்கள் திரும்பி வருவது மேட்டிலிருந்து தெரிந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டார்களே என்று நான் சந்தோஷமாக ஓடினேன்.

தம்பியை அடக்கம் செய்து எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் அம்மா அந்தத் தீட்டுக்கல்லை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தூக்கி எறிந்தாள். கவ்வாத்துக் காலம் வந்தபோது அப்பா பக்கத்துக் காம்பராவில் கல் இரவல் வாங்கித்தான் கத்தி தீட்டினார். சோற்றில் உப்புக் கூடினாலே சத்தம் போடுகிற மனிதர், கல்லைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்ல கல். எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் வற்றியதும் ஓடையில் இறங்கி, கல்லுக்குக் கல்லாகப் புரட்டித் தேடினேன். எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.