சன்னலோரத்து மேசை

எங்கள் கோயிலில் பிரசங்க மேசை சன்னலோரம் கிடந்தது. கரியாலூரிலிருந்து கொண்டுவந்த வேங்கை மரத்தில் செய்தது. நாலு ஆள் பிடித்தால்தான் அசையும். சித்திரை வெயிலில் அங்கே நின்று பேசுகிறவருக்கு ஒரு பக்கக் கன்னம் வெந்துபோகும். அப்படியும் எங்கள் சபையை நடத்திவந்த உபதேசியார் அதை நடுவுக்குக் கொண்டுவர விட்டதில்லை. நடுவில் பலிபீடம், அதற்குப் பின்னால் சுவரில் மரச்சிலுவை, அவ்வளவுதான் இருக்கவேண்டும் என்பார். சனிக்கிழமைதோறும் பீடத்துக்குப் பூ வைக்கிறவள் நான். என் செவ்வந்திக் கொத்து சிலுவையின் அடியைத் தொட்டுவிட்டால்கூட வந்து காம்பை நறுக்கிவிட்டுப் போவார். எனக்குக் கோபம் வரும். மனுஷன் பூவுக்குக்கூட இடம் கொடுக்க மாட்டார் என்று முணுமுணுத்துக்கொள்வேன்.

அறுப்பின் பண்டிகைக்கு மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் சாமையும் மூட்டை மூட்டையாக வரும். அதையெல்லாம் இரண்டு பக்கச் சுவரோரமும் அடுக்கச் சொல்வார். சால்வை, மாலை எதுவானாலும் ஆசீர்வாதம் முடிந்தபின் வெளியே வேப்பமரத்தடியில்தான். ஒருமுறை தேர்தல் நேரத்தில் சங்கராபுரத்திலிருந்து ஒரு பெரிய புள்ளி வந்தார். ஆராதனை நடக்கும்போதே நேராகப் பீடத்துக்கு முன்னால் போய், எங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். சபையே எழுந்துவிட்டது. உபதேசியார் குரலை உயர்த்தவில்லை. "கொஞ்சம் ஓரமா வாங்க, ஆண்டவர மறைச்சிகினு நிக்கிறீங்க" என்றார். வந்தவர் நகர்ந்தார். கோயிலுக்குப் பாதை போட்டுத் தருவதாகச் சொன்னவர் அத்தோடு போனவர்தான். இன்றைக்கும் மழை பெய்தால் சேற்றில்தான் நடக்கிறோம். அதற்காக உபதேசியாரைத் திட்டாத வீடு இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடியில் நெஞ்சுச்சளி முற்றி அவர் இறந்தார். திட்டிய வீடெல்லாம் அழுதது, பொய் அழுகை இல்லை. அடக்க ஆராதனைக்கு அவர் சிரிக்கிற படத்தைப் பெரிதாக பிளெக்ஸ் அடித்து வந்து பீடத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் சிலுவை இருப்பதே தெரியவில்லை. ஒரு நாள்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அதை எடுக்கவேயில்லை. பிறகு பிளெக்ஸ் போய்ச் சட்டம் போட்ட படம் வந்தது. அதை வைக்க சன்னலோரத்து மேசையையே நடுவுக்கு இழுத்தார்கள். சீரியல் பல்பு போட்டார்கள். அவர்மேல் ஒரு பாட்டுக் கட்டி, ஆராதனையில் முதல் பாட்டாகப் பாடுகிறார்கள். வடக்கனந்தலிலிருந்து ஒரு பெண் வந்து, உபதேசியாரை வேண்டிக்கொண்டதும் காய்ச்சல் இறங்கியது என்று சாட்சி சொன்னாள். இப்போது பெரிய வெள்ளிக்கு வருகிற கூட்டத்தைவிட அவர் நினைவு நாளுக்குத்தான் கூட்டம் அதிகம்.

அவர் மகனிடம் கேட்டுப் பார்த்தேன். நல்ல பிள்ளை, அப்பாமேல் உயிர். "எங்கப்பா காலமெல்லாம் ஓரமாவே நின்னாரு அத்தை. இப்பவாச்சும் நடுவுல இருக்கட்டுமே" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. வெறுப்பவர்களிடம் வாதாடலாம். இவர்கள் பாசத்தால் செய்கிறார்கள். இது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நேற்றும் பூ கொண்டுபோனேன். முன்பு நான் பீடத்தில் வைத்த இடத்துக்குக் கை போகவில்லை, மேசை மறித்துக்கொண்டு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. படத்துக்கு ஏற்கனவே யாரோ முழ நீளத்துக்கு மல்லிகை சாத்தியிருந்தார்கள். "ஐயா, கொஞ்சம் ஓரமா வாங்க" என்று வாய்விட்டே சொன்னேன். உயிரோடு இருந்திருந்தால் நான் சொல்லும் முன்பே நகர்ந்திருப்பார். சிரித்துக்கொண்டே ஆண்டவரை மறைத்துக்கொண்டு நின்றார்.